பவுலினாவுக்கு ஒரு பிடி மண்

என்னை எங்கே புதைத்தார்கள் என்று தேடுவதற்காக என் புருஷன் என்னையே கூட்டிக்கொண்டு கிளம்பினார். கேட்டால் சிரிப்பு வரும். பவுலியை எங்கே வைத்தீர்கள் என்று அவர் முதல் நாள் கேட்டபோது எனக்கும் வந்தது. பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் வாயில் வைக்க மாட்டேன் என்று அவர் உட்கார்ந்த பிறகு அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு எனக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்தார்கள். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என் புருஷன் சூசைக்கு ஏற்கெனவே மறதி நோய். சாவியில் ஆரம்பித்து, தெருப் பெயர், தேதி, பெற்ற மகனின் பெயர் என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. என்னை மட்டும் விடவில்லை. குளிக்கப் போனால்கூட, "பவுலி, எங்க இருக்கே?" என்று கதவைத் தட்டிக்கொண்டே நிற்பார். எரிச்சலாக வரும், கத்துவேன். அந்த ஒரு வாரமும் மகன் லியோதான் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டான். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று அவன் சொன்னதை அவர் மனசு எப்படி எடுத்துக்கொண்டதோ, நான் ஆட்டோவில் வந்து இறங்கியபோது வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாங்கம்மா. சாவுக்கு வந்தீங்களா?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து நீ, வா, போ தவிர வேறெதுவும் என்னிடம் பேசாத மனுஷன். அந்த 'வாங்கம்மா'வில் என் வயிற்றுத் தையல் பிரிந்துவிட்டது போல இருந்தது.

கல்யாண போட்டோவைக் காட்டினோம். "ஆமா, இவதான் பவுலி," என்று தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க அவளுக்குச் சொந்தமா? சாயல் இருக்குது," என்றார். பங்குச் சாமியார் வந்து சொன்னார். பக்கத்து வீட்டு ருக்மணி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கி, "பாருங்கண்ணா, உங்க பவுலி குத்துக்கல்லாட்டம் நிக்கறா," என்றாள். எல்லோருக்கும் தலையை ஆட்டினார். அவர்கள் போனதும் லியோவைக் கூப்பிட்டு, "என்னைக் கூப்பிடாம அவள அடக்கம் பண்ணிட்டீங்களேடா," என்று அழுதார்.

அதோடு நின்றிருந்தால் நான் சமாளித்திருப்பேன். சாவு விழுந்த வீட்டில் அடக்கம் முடிகிற வரைக்கும் அடுப்பு எரியக் கூடாது என்பது எங்கள் பக்கம் வழக்கம். குழிக்குள் ஒரு பிடி மண் போட்ட பிறகுதான் வீட்டுக்காரர்கள் சோற்றில் கை வைப்பார்கள். எல்லாவற்றையும் மறந்த மனுஷனுக்கு இந்த வழக்கம் மட்டும் மறக்கவில்லை. நான் அடுப்பைப் பற்றவைப்பேன், அவர் வந்து அணைப்பார். மறுபடி பற்றவைப்பேன். "நான் இன்னும் மண்ணு போடலியேம்மா. எப்படிச் சாப்பிடறது?" என்று மரியாதையாகக் கேட்பார்.

நான் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமைக்கிறவள். தூத்துக்குடியிலிருந்தும் தேனியிலிருந்தும் ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்திருக்கிற பெண்கள் என் கைச் சோற்றைத்தான் தட்டு வழியத் தின்கிறார்கள். ஒருத்தியும் இதுவரை வேண்டாம் என்று எழுந்து போனதில்லை. கட்டினவர் என் கையை வேற்றாள் கை என்று ஒதுக்குகிறார். அவரிடம் சத்தம் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்; கத்த முடியாத ஆத்திரத்தில் தட்டைச் சுவரில் எறிந்தேன். அவர் குனிந்து பருக்கைகளைப் பொறுக்கி, "சோத்து மேல கோவம் கூடாதும்மா," என்றார்.

சர்க்கரைக்காரர் வேறு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் டாக்டர் டிரிப்ஸ் ஏற்றினார். இவர் ஊசியைப் பிடுங்கி எறிந்தார், சட்டையெல்லாம் ரத்தம். இனி மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டும், அதையும் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டிலோடு கட்ட வேண்டும் என்றார் டாக்டர். பக்கத்துக் கட்டிலில் அப்படிக் கட்டியிருந்த ஒருவரைப் பார்த்தேன். மணிக்கட்டில் துணி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். என் புருஷனை அந்தக் கோலத்தில் பார்க்க என்னால் ஆகாது. ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டுக் கூட்டிவந்துவிட்டேன்.

"சாயங்காலம் வரைக்கும்தாம்மா டைம்," என்றான் லியோ. அவனுக்கு அதற்கு மேல் லீவு கிடையாது, ஷிப்டுக்குக் கிளம்பி நின்றான். "ஒண்ணு செய்யி. போற வழில ஏதாவது ஒரு கல்லறையைக் காட்டி, இதுதான்னு சொல்லிடு. மண்ணப் போட்டுட்டுச் சாப்பிட்டுடுவாரு. முடிஞ்சுது."

"உங்கம்மாவப் பொதைக்க உனக்கு அவ்வளவு அவசரமாடா?"

"எம்மா, உசிரு முக்கியமில்லியா?"

"யாரு உசிரு? அவரு கண்ணுல நான் ஒருக்கா செத்துட்டேன்னா அப்புறம் எழுந்து வரவே முடியாதுடா. தெரிஞ்சுக்கோ."

அதுதான் விஷயம். அவர் போகச் சொல்கிற இடத்துக்கெல்லாம் கூட்டிப்போவது, ஒவ்வொரு கல்லறைத் தோட்டத்திலும் நான் இல்லை என்று அவர் கண்ணாலேயே பார்க்கட்டும், கடைசியில் வேறு வழியில்லாமல் என் பக்கம் திரும்புவார் என்று ஒரு நப்பாசை. களி கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்பு வைத்து, எல்லாம் ஹாஸ்டல் அடுப்பில்தான், ஹாட்பாக்ஸில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். அவருக்குக் களி என்றால் உயிர்.

லியோ ஏற்பாடு செய்த டாக்ஸியின் டிரைவர் சென்றாயன். பேரிகைக்காரன், வீட்டில் தெலுங்கு. சபரிமலைக்கு மாலை போட்டுக் கறுப்பு வேட்டியில் வந்திருந்தான். கல்லறைத் தோட்டங்களுக்குப் போகிறோம் என்றதும் கழுத்து மாலையைத் தொட்டுக்கொண்டான். "கேட்டுக்கு வெளியவே நின்னுக்கறேன்க்கா. உள்ள வரமாட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

"நீ வரவேணாம் சாமி. நாங்க போறதே அதிகம்."

காரில் ஏறியதும் சூசை முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைச் சரியாக மாட்டினார். முப்பது வருஷம் கம்பெனி பஸ் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பங்கு மக்களை வேனில் ஏற்றிக்கொண்டு மாவட்டம் முழுக்கப் பழைய கோயில்களைக் காட்டிவருவார். அதை ஓர் ஊழியமாகவே செய்தார். நான் ஒரு தடவைகூட அந்த வேனில் ஏறியதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் ஹாஸ்டலில் பிரியாணி, எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. வா வா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டார். அன்றைக்குத்தான் எனக்கு அந்தச் சுற்றுலா வாய்த்தது.

"மத்திகிரி போப்பா," என்றார். "பழைய கோயில் இருக்கற எடமாப் பாத்துத்தான் வச்சிருப்பாங்க. அவ பழைய ஆளு."

மத்திகிரியில் இறங்கியதும் ஆள் மாறிவிட்டார். முதுகு நிமிர்ந்தது. கோயில் சுவரைத் தட்டிக் காட்டி, "சுண்ணாம்பு, வெல்லம், கடுக்காய் போட்டு அரைச்ச காரை. எங்க தட்டினாலும் உதிராது," என்றார். மணியை எங்கிருந்து கொண்டுவந்தார்கள், எந்த மாட்டுவண்டிப் பாதையில் வந்தது என்று எனக்கு விளக்கிச் சொன்னார். அத்தனையும் ஞாபகம் இருக்கிறது. காரை இருக்கிறது, கடுக்காய் இருக்கிறது, பெண்டாட்டி முகம் இல்லை. கேட்டுக்கொண்டே நடந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

கல்லறைத் தோட்டத்தில் திருநாளுக்கு வைத்த செவ்வந்தி எல்லாம் கருகி ஒட்டிக்கிடந்தது. உருகிய மெழுகு ஒவ்வொரு சிலுவையடியிலும் வெள்ளையாக. சூசை ஒன்று விடாமல் குனிந்து, எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் படித்தார். கடைசி வரிசையில் நிமிர்ந்து தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. இங்க பூரா டைல்ஸு. பவுலிக்கு டைல்ஸ் ஆகாது. வழுக்குதுன்னு திட்டுவா."

திட்டியது உண்மைதான். வீடு கட்டும்போது டைல்ஸ் வேண்டாம் என்று நான் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த பிரியத்தைப் பார்க்க வேண்டுமே. நான் அவர் எதிரில்தான் நின்றேன். அந்தப் பிரியம் என்னைத் தாண்டி எங்கேயோ போனது.

"ஏங்க," என்றேன். "ஒருவேளை பவுலினா சாகவே இல்லியோ என்னமோ?"

என்னை இரக்கமாகப் பார்த்தார். "எனக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு மொதல்ல. மனசு ஒத்துக்காது. போகப் போகச் சரியாயிடும்," என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

அடுத்து இராயக்கோட்டை. மலையடியில் வெள்ளைக்காரர்களின் சமாதிகள். காரை பெயர்ந்து செங்கல் தெரிய, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பெயர்ப் பலகை பிடுங்கப்பட்ட இடங்களில் குழி. அவர் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று சல்யூட் அடித்தார். இரண்டாவது சல்யூட்டில் கை நடுங்கியது. மூன்றாவதில் அப்படியே சமாதி மேல் சாய்ந்துவிட்டார். ஓடிப்போய்ப் பிடித்தேன். நெற்றி ஐஸாக இருந்தது, சட்டை நனைந்திருந்தது. சர்க்கரை இறங்குகிறது.

பாட்டிலில் குளுக்கோஸ் கலந்து வைத்திருந்தேன். வெறும் தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு மடக்கு உள்ளே போனதும் துப்பிவிட்டார்.

"ஏமாத்தறீங்களேம்மா. மண்ணு போடாதவனுக்குச் சர்க்கரத் தண்ணி குடுக்கலாமா?"

"உள்ள போனது போயிடுச்சில்ல? இன்னொரு வாய் குடிங்க. மாதா மேல சத்தியமா ஒண்ணும் ஆகாது."

வாயை இறுக்கிக்கொண்டார். உள்ளே இறங்கிய அந்தச் சொட்டுதானோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றார். "இவங்க தொரைங்க. பவுலி இவங்க நடுவுல படுத்திருக்க மாட்டா. சண்ட போட்டுட்டு எழுந்து வந்துடுவா," என்று சொல்லிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார். சென்றாயன் கதவைத் திறந்துவிட்டு என் காதருகில், "அக்கா, ஆஸ்பத்திரிக்கே திருப்பட்டுமா? எனக்குப் பயமா இருக்குது," என்றான். எனக்கு மட்டும் பயமில்லையா? "ஓட்டு சாமி," என்றேன்.

கிருஷ்ணகிரி தாண்டி, மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு கிராமம். தெருவுக்குத் தெரு மாதா சிலை வைத்த கெபி, எல்லா வீட்டுக் கதவிலும் சிலுவை. கோயில் பெரியது, பழையது. அவர் அண்ணாந்து பார்த்து எதையோ விளக்க ஆரம்பித்தார், பாதியிலேயே வார்த்தை நின்றுபோனது. கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெண் காய்ந்த மாலைகளைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள்.

"யாரத் தேடறீங்க?"

"என் வீட்டுக்காரி. பவுலினா," என்றார் சூசை. "இப்பத்தான் தவறிட்டா. எங்க வச்சாங்கன்னு தெரியல."

"ஐயோ பாவமே!" அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

என்ன சொல்வேன்? அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "தங்கச்சி," என்றேன்.

சூசை தலையை ஆட்டிக்கொண்டார். "அதான் சாயல்," என்றபடி அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உச்சுக்கொட்டினாள். அக்கா எப்படிச் செத்தாள், என்ன வயது, எத்தனை பிள்ளை என்று வரிசையாகக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு வீட்டுக்காரர் இருக்காரா?" என்றாள். நான் வாயைத் திறக்காததை அவளாகவே ஏதோ அர்த்தம் பண்ணிக்கொண்டாள். "அப்ப என்ன? அக்கா புருஷன்தானே. கடைசிக் காலத்துல ஒருத்தருக்கு ஒருத்தர் தொணையா இருந்துக்கலாமே. பாத்தா தங்கமான மனுஷனாட்டம் இருக்காரு."

"வாய மூடிக்கிட்டுக் கூட்டற வேலையப் பாரு!" என்று கத்திவிட்டேன். தோட்டமே அதிர்ந்தது. அந்தப் பெண் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். என் புருஷனையே எனக்கு இரண்டாம் தாரமாகப் பேசி முடிக்க வந்தால் நான் என்ன செய்வது?

காருக்கு வந்தபோது லியோ போனில் இருந்தான். சென்றாயன் நீட்டினான்.

"சாப்பிட்டாராம்மா?"

"இல்ல."

"சொன்னா கேக்கறியா நீ? டாக்டர்கிட்ட பேசிட்டேன். பெட் இருக்குதாம். நேரா அங்க வந்துடு."

"கையக் கட்டுவாங்கடா."

"கட்டட்டும்மா! செத்துப்போறதுக்குக் கட்டிப்போடறது மேல்." அவன் குரல் உடைந்தது. "ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?"

அவன் அழுது நான் பார்த்து வெகு காலமாகிறது. சிங்காரப்பேட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன் என்றேன். சிங்காரப்பேட்டைப் பக்கம்தான் நான் பிறந்தது. முன் சீட்டில் சூசை அதைக் கேட்டுவிட்டார். தலையைச் சீட்டில் சாய்த்து, கண்ணை மூடியபடியே சொன்னார்: "ஆமா. அங்கதான். அவ அவங்கப்பாகிட்டப் போயிருப்பா. எனக்கு ஏன் இது தோணல?"

ஊத்தங்கரை தாண்டும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. நான் பின்னாலிருந்து அவர் மூக்கருகே கையை வைத்து வைத்துப் பார்த்தேன். மாதாவிடம் வேண்ட ஆரம்பித்து, பாதியில் சண்டைக்குப் போனேன். எத்தனை பேர் செத்துப்போன பெண்டாட்டியை நினைத்துக்கொண்டு ஒழுங்காகத் தின்று வாழ்கிறார்கள், உயிரோடு இருக்கிற பெண்டாட்டியால் ஒருத்தர் பட்டினி கிடந்து சாக வேண்டுமா, இது என்ன நியாயம் என்று கேட்டேன்.

எங்கள் ஊர்க் கோயில் சின்னது. பழசு என்றால் பழசு, ஓட்டுக் கூரையோடு மலையைப் பார்த்தபடி இருக்கிறது. கல்லறைத் தோட்டத்துக் கேட் வெறுமனே சாத்தியிருந்தது. சென்றாயன் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். சூசை என் தோளைப் பிடித்தபடிதான் உள்ளே வந்தார். அவருக்கு நான் யாரோ ஒரு தோள்.

என் அப்பா அம்மா கல்லறையை நேராகப் போய்க் கண்டுபிடித்துவிட்டார். "மாமா, மன்னிச்சுக்கங்க. பவுலியக் காப்பாத்த முடியல," என்று சிலுவையைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு அக்கம்பக்கம் தேட ஆரம்பித்தார். வலப் பக்கம் என் சித்தப்பா. இடப் பக்கம் யாரோ ஓர் ஆசிரியை. பின்னால் முள். அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு கல்லறையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினார், கால் இடறி விழுந்தார், எழுந்திருக்க முடியாமல் கையை ஊன்றித் தவழ்ந்தார். பெயர்களைப் படிப்பதை விட்டுவிட்டு வெறும் கல்லைத் தடவினார்.

"பவுலி! எங்கடி இருக்கே?"

நான் மண்டியிட்டு அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "இங்கதாங்க இருக்கேன். பாருங்க. நல்லாப் பாருங்க. உங்க பவுலிதான்."

பார்த்தார். நிஜமாகவே முயற்சி செய்து பார்த்தார். உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது. என் நெற்றியை, மூக்கை, தலைமுடியை ஒவ்வொன்றாகப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"நீங்க இல்லம்மா," என்றார். "நீங்க நல்லவங்க. ஆனா நீங்க இல்ல."

அவர் தலை என் கையிலேயே தொய்ந்தது. அந்தக் கனம் எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மனுஷன் இப்போது சாகப் போகிறார். நான்தான் பவுலினா என்ற வீம்பில் நான் இவரைக் கொன்றுகொண்டிருக்கிறேன்.

மதிலோரத்தில் ஒரு மண்மேடு இருந்தது. செவ்வந்தி இல்லை, மெழுகு இல்லை, திருநாளுக்குக்கூட யாரும் வராத கல்லறை. மரச் சிலுவையில் எழுதியிருந்ததை மழை கழுவிவிட்டிருந்தது. உள்ளே இருப்பவர் யாரோ, மன்னித்துக்கொள்ளட்டும்.

"அதோ," என்றேன். "அதுதான். அங்கதான் வச்சோம் பவுலினாவ."

அவர் சந்தேகப்படவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உயிரோடு நிற்கிறேன் என்பதற்கு போட்டோ, சாமியார், சத்தியம் எதையும் நம்பாதவர், செத்துவிட்டேன் என்று சொன்னதும் நம்பிவிட்டார். அவரைத் தூக்கி நிறுத்தி, அணைத்தபடி அங்கே கொண்டுபோனேன்.

"பூக்கூட இல்லியே பவுலி," என்றார். மண்டியிட்டு, மண்ணைக் கிள்ளி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேட்டின் மேல் போட்டார். ஒரு முறை, இன்னொரு முறை, மறுபடியும். பிறகு ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தார். "நீங்களும் போடுங்கம்மா. பாவம், அவளுக்கு நம்மள விட்டா யாரும் வரல."

போட்டேன். எனக்கு நானே மண் போட்டேன். பையைத் திறந்து ஹாட்பாக்ஸை எடுத்து, களியை உருட்டிக் குழம்பில் தொட்டு நீட்டினேன். வாயைத் திறக்கப் போனவர் நிறுத்தினார். என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு மேட்டை நோக்கிக் குனிந்தார்.

"பவுலி, ஒரு விஷயம். கோவிச்சுக்காத. இந்தம்மா யாருன்னு தெரியல. நீ போனதுலருந்து நம்ம வீட்டுலதான் இருக்காங்க. உன் சேலையத்தான் கட்டிக்கறாங்க. பாத்தேன், ஒண்ணும் சொல்லல. கஷ்டப்பட்டவங்களாட்டம் இருக்குது. நான் வெளிய ஹால்லதான் படுத்துக்கறேன், சத்தியமா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "களி கொண்டாந்திருக்காங்க. ரொம்பப் பசிக்குதுடி. உன் கையத் தவிர வேற பொம்பள கையில நான் வாங்கித் தின்னதில்ல. தின்னட்டுமா?"

மண்ணில் காதை வைத்துக் காத்திருந்தார். மலையிலிருந்து காற்று வந்தது. களி என் விரலில் ஆறிக்கொண்டிருந்தது. அவர் காத்துக்கொண்டே இருந்தார்.

"பேச மாட்டேங்கறா," என்றார் கடைசியில். "கோவமா இருக்கா. அவ சொல்லாம எப்படிம்மா?" என் கையை மெதுவாக ஒதுக்கினார்.

அவரிடம் அமைதியாக, மெதுவாகப் பேச வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து நான் அவரிடம் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. அத்தனை நாள் அடக்கியது எல்லாம் சேர்ந்து அப்போது கிளம்பியது.

"போதும் நிறுத்துங்க! பட்டினி கெடந்து யாருக்கு என்னத்த நிரூபிக்கப் போறீங்க? கண்ணு குழிக்குள்ள போயிடுச்சு, நிக்கத் தெம்பில்ல, இதுல கேள்வி வேற! ஒழுங்கு மரியாதையாச் சாப்பிடுங்க. ஒரு வாய் மிச்சம் வச்சீங்க, அப்புறம் நடக்கறதே வேற!"

குனிந்திருந்த முதுகு நிமிர்ந்தது. அவர் திரும்பவில்லை. மேட்டைப் பார்த்தபடியே இருந்தார், ஆனால் பக்கவாட்டில் கன்னம் மேலே ஏறியது தெரிந்தது. சிரித்தார்.

"சரி சரி. கத்தாத பவுலி. பக்கத்துல எல்லாரும் படுத்திருக்காங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, விருந்தாளியிடம் கேட்பது போலக் கூச்சத்தோடு கையை நீட்டினார். "குடுங்கம்மா. அவ சொல்லிட்டா."

சாப்பிட்டார். நான் உருட்டி உருட்டிக் கொடுக்க, குழந்தை மாதிரி எல்லாவற்றையும் சாப்பிட்டார். ஹாட்பாக்ஸை வழித்தும் கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். கேட்டுக்கு வெளியே சென்றாயன் எட்டிப் பார்த்துவிட்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கி அவன் சாமியைக் கும்பிட்டான். என் கண்ணில் கொட்டிய தண்ணீர் களியில் விழுந்ததை நான் தடுக்கவில்லை.

எழுந்திருக்கும்போது சூசைக்கு மறுபடி சந்தேகம் வந்துவிட்டது. மண்மேட்டுப் பக்கம் குனிந்தார்.

"பவுலி, ராத்திரிக்கு?"

நான் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"ராத்திரிக்கும்தான். நாளைக்கும், எல்லா நாளும். நான் இல்லேன்னாலும் வேளாவேளைக்குச் சாப்பிடணும்."

"இந்தம்மா கையாலயா?"

"ஆமா," என்றேன். "அவ கையாலதான். அவள வீட்டை விட்டுப் போகச் சொல்லிடாதீங்க."

"சரி பவுலி," என்றார்.